சுயாதீன மத்திய வங்கி, சரி. யாருக்குப் பதில் சொல்லும்?

கொக்குவில்_கணக்கர் (இழையைத் தொடங்கியவர்)

அப்பாவுக்கு அடுத்த வைகாசியோடு 55. கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் 29 வருடமாகக் களஞ்சியப் பொறுப்பாளர். போன கிழமை லீவில் வந்தபோது தன்னுடைய ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்குக் கூற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் கணக்கு வேலை பார்க்கிறவன் என்பதால் இலக்கம் உள்ள கடதாசி எது வீட்டுக்கு வந்தாலும் என்னிடம்தான் வரும்.

"2022க்கு 9 வீதம் வட்டி போட்டிருக்கு. அந்த வருசம் அரிசி என்ன விலை வித்தது?" என்றார். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்தக் காசை ஆர் வச்சிருக்கிறது?" என்று கேட்டார். மத்திய வங்கி. "அந்த முறி வித்த அதே வங்கியோ?" (முறி என்றால் அரசாங்கம் கடன் வாங்க விற்கும் பத்திரம்; 2015 முறி ஏலத்தைச் சொல்கிறார்.) ஓம். "காசு அச்சடிச்சதும் அவையோ?" ஓம். கூற்றை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

என் கேள்வி இதுதான். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்த வருடம் செப்டெம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு வங்கியை நடத்திய நாணயச் சபையில் நிதியமைச்சின் திறைசேரிச் செயலாளருக்குக் கதிரையும் இருந்தது, வாக்கும் இருந்தது. இப்போது இல்லை. அரசாங்கம் வெளியிடும் உண்டியலையும் (குறுங்காலக் கடன் பத்திரம்) முறியையும் வங்கி நேரடியாக வாங்கவும் கூடாது. இனி அரசியல்வாதி கை வைக்க முடியாது, நல்லது என்கிறார்கள். அவர் கை வைக்க முடியாத இடத்தில் நாங்கள் எங்கே கை வைப்பது? எம்.பி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு அனுப்பலாம். இவர்களை?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதற்கு முகநூல் இருக்கிறது.

தேத்தண்ணி_வேளை

சுயாதீனம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் செய்த பெரிய வேலை, தங்களுக்குத் தாங்களே சம்பளம் கூட்டினது. ஏறத்தாழ 70 வீதம். மறந்துவிட்டீர்களோ?

பென்சன்காரர்

தம்பி கணக்கர், நான் ஒரு வங்கியின் திறைசேரிப் பிரிவில் பல வருடம் இருந்தவன். முறி ஏலங்களுக்குக் கேள்வி (விலைகோரல்) போட்ட கை இது. அப்பா கேட்டது சின்னக் கேள்வி இல்லை, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2015 பெப்ரவரி 27, வெள்ளிக்கிழமை. 30 வருட முறிக்கு ஏலம். விளம்பரத்தில் இருந்த தொகை 1 பில்லியன் ரூபாய். 1 பில்லியன் என்றால் எங்களைப் போன்றவர்கள் பெரிதாக மினக்கெட மாட்டோம். கொஞ்சக் காசுதான் தேவை, வட்டி ஏறாது என்று நினைத்து அளவாகப் போடுவோம். அன்று ஏற்றுக்கொண்டது 10 பில்லியனுக்கு மேல். அதில் ஏறத்தாழப் பாதி ஒரே முதனிலை வணிகருக்கு (ஏலத்தில் நேரடியாக வாங்க அனுமதி உள்ளவர்), பேப்பச்சுவல் ட்ரெஷரீஸ் என்ற நிறுவனத்துக்கு. அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகன் தொடர்புபட்ட நிறுவனம்.

இதில் காசு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த முறி வருடத்துக்கு 12.5 சதவீதம் வட்டி தருகிறது. சந்தை 9.5 சதவீதத்தோடு திருப்திப்படும் காலத்தில், 100 ரூபாய் முறியை 129 ரூபாய் கொடுத்தும் ஆட்கள் வாங்குவார்கள். திடீரென்று பத்து மடங்கு முறியை ஏலத்தில் கொட்டினால் விலை விழும், 100க்கும் 110க்கும் இடையில் அள்ளலாம். கொட்டப்போகிறார்கள் என்று முதலே தெரிந்தவன் மட்டும் பெரிய கேள்வியோடு வந்து நிற்பான். கணக்கு எனது, முப்பது வருடத்துக்குத் தள்ளிப் பார்த்தால் இப்படித்தான் வரும். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இனித்தான் அப்பாவின் கதை வருகிறது. மலிவாக வாங்கின முறியைப் பிறகு யாருக்காவது விற்க வேண்டுமே. ஏலத்துக்குப் பிறகு முறிகள் கைமாறும் இரண்டாந்தரச் சந்தையில் அதிக விலைக்கு வாங்கினவர்களில் ஊழியர் சேமலாப நிதி முக்கியமானது. அப்போது ஏலத்தை நடத்தியது மத்திய வங்கியின் பொதுப்படுகடன் திணைக்களம். சேமலாப நிதியை நடத்துவதும் மத்திய வங்கியின் ஒரு திணைக்களம். அரசாங்கத்துக்காக விற்றவரும் தொழிலாளிக்காக வாங்கினவரும் ஒரே வங்கி, ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிற மாதிரி. நடுவில் ஒரு தரகர் வெளியே போய்விட்டு உள்ளே வந்திருக்கிறார், அவ்வளவுதான். சேமலாப நிதி உட்பட அரச நிறுவனங்களுக்கு இதனால் வந்த நட்டம் 8.5 பில்லியனுக்கு மேல் என்று ஜனாதிபதி ஆணைக்குழுவே சொன்னது.

தேத்தண்ணி_வேளை

லிஃப்ட் கதை நன்றாக இருக்கு ஐயா. யார் மறியலுக்குப் போனது?

பென்சன்காரர்

மகேந்திரன் சிங்கப்பூரில். நாடுகடத்தும்படி கேட்டார்கள், வரவில்லை. ஏலம் நடந்தபோது நிதியமைச்சராக இருந்த ரவி கருணாநாயக்க 2017 ஆகஸ்டில் வெளிநாட்டமைச்சர் பதவியை விட்டார். மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் மேற்பார்வை பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பாராளுமன்றத்தில் கோப் குழு (அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் குழு) விசாரித்தது. 2016 ஒக்ரோபரில் சுனில் ஹந்துன்நெத்தி தலைமையில் அறிக்கை வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் சிலர் அதற்குப் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு போட்டார்கள். அறிக்கை ஒன்று சொல்ல, அடிக்குறிப்பு வேறொன்று சொன்னது. சனம் அவர்களுக்கு அடிக்குறிப்புக் கோஷ்டி என்று பெயர் வைத்தது. பாராளுமன்ற மேற்பார்வை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த அடிக்குறிப்புகள்தான்.

மட்டு_நகரான்

ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் 2015ஐ மட்டும் பேசுவது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அது களவு, களவை எல்லோருக்கும் விளங்கும். 2020க்குப் பிறகு நடந்ததில் ஒருவரும் ஒரு சதமும் வீட்டுக்குக் கொண்டுபோகாமலே அதைவிட எத்தனையோ மடங்கு போனது.

அப்போது நான் ஒவ்வொரு நாள் பின்னேரமும் மத்திய வங்கி இணையத்தளத்தில் ஒரு இலக்கம் பார்ப்பேன். வங்கி கையில் எவ்வளவு அரச பிணையம் (அரசாங்கத்தின் உண்டியலும் முறியும்) இருக்கிறது என்ற இலக்கம். அது கூடினால் அவ்வளவுக்குக் காசு புதிதாகப் பிறந்திருக்கிறது. ஒரு எக்செல் தாளில் போட்டுக்கொண்டு வந்தேன். 2019 முடிவில் 75 பில்லியன் அளவு. 2022 முடிவில் 2,600 பில்லியனுக்குக் கிட்ட. பத்திரிகையில் "இன்று இத்தனை பில்லியன் அச்சிடப்பட்டது" என்று தலைப்பு வருமே, அது யாரோ ஒளித்துவைத்த கோப்பைக் களவெடுத்துப் போட்ட செய்தி இல்லை. வங்கியே போட்ட இலக்கம்.

அதனால் வெளிப்படைத்தன்மை இல்லை, மறைத்தார்கள் என்று ஆட்கள் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. இலக்கம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. கிளித்தட்டு விளையாட்டைப் பார்ப்பதுபோல நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். தெரியாதது வேறு. அந்த இலக்கத்தைக் கூட்டச் சொன்னது யார், நாணயச் சபையில் யார் வேண்டாம் என்றது, ஒருவராவது வேண்டாம் என்றாரா? அது எந்தத் தளத்திலும் இல்லை.

கொக்குவில்_கணக்கர்

அண்ணை, ஒரு சந்தேகம். அச்சடிக்கச் சொல்லி எழுத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்களே?

மட்டு_நகரான்

கேட்கத் தேவையே இல்லை, அதுதான் சூட்சுமம். 2019 டிசம்பரில் வற் வரியை 15இல் இருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். வருமானம் விழுந்தது. செலவு விழவில்லை. திறைசேரி உண்டியலை ஏலத்துக்கு விட்டார்கள். வங்கிகள் கூடிய வட்டி கேட்கும் என்று தெரிந்து, இதற்கு மேல் வட்டி தர மாட்டோம் என்று உச்ச வரம்பு ஒன்றும் வைத்தார்கள். அந்த விலைக்குச் சந்தை வாங்கவில்லை. மிச்சம் விழுந்ததை மத்திய வங்கி எடுத்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் இதே கூத்து.

யாரும் "அச்சடி" என்று சொல்லவில்லை. வரம்பு வைத்தார்கள், மிச்சத்தை எடுத்தார்கள். சபைக் கூட்டத்தில் திறைசேரிச் செயலாளர் பக்கத்துக் கதிரையில். கடன் கேட்கிறவரும் கடன் கொடுக்கிறவரும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்தால் எழுத்தில் எதற்கு?

2022 சித்திரையில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறிய கிழமை, கல்லடியில் வரிசையில் நின்றபடி அந்த எக்செல் தாளை போனில் திறந்து பார்த்தேன். எனக்கு முன்னால் நின்ற கிழவர் சிலிண்டரைச் சங்கிலி போட்டுத் தன் சைக்கிளோடு பூட்டிவிட்டு மதகில் நித்திரை. அவருக்கு அந்த இலக்கம் எதற்கு?

ரீச்சர்_அம்மா

எல்லோரும் அச்சடிப்பைத் திட்டுகிறீர்கள். 2020இல் கொரோனா. அச்சடிக்காமல் விட்டிருந்தால் எங்கள் சம்பளம் வந்திருக்காது. அதையும் சொல்லுங்கள்.

பென்சன்காரர்

ரீச்சர் சொல்வதில் ஞாயம் இருக்கு. முதல் சில மாதம் பல நாடுகளும் அதைத்தான் செய்தன. எங்கள் 1949ஆம் ஆண்டு நாணயவிதிச் சட்டத்திலேயே, அரச வருமானத்தில் 10 சதவீதம் வரை மத்திய வங்கி முற்பணம் கொடுக்கலாம் என்று கதவு திறந்துதான் இருந்தது. ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர் வரைந்த சட்டம், அவர்தான் 1950இல் முதல் ஆளுநரும். பிரச்சினை தொடங்கினதில் இல்லை. நிற்பாட்டாததில். 2021 முழுக்க எதற்கு?

அதோடு அப்போது கொழும்பில் ஒரு கதை ஓடியது, உள்நாட்டுக் கடன் கடனே இல்லை, அச்சடித்தால் பணவீக்கம் வராது என்று. அதை ஆதரித்துப் பேசினவர்கள் பட்டம் பெற்ற ஆட்கள். அதனால்தான் எனக்கு நிபுணர்களிடம் விட்டால் சரி என்ற வாதத்திலும் முழு நம்பிக்கை இல்லை.

ஸ்காபரோ_சித்தப்பா

நான் வெளியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். 2021 கடைசியில் அக்காவுக்குக் காசு அனுப்ப வேண்டும். வங்கியில் ஒரு டொலருக்கு 200 சொச்சம். உண்டியல்காரன் (வங்கிக்கு வெளியே காசு அனுப்பிக் கொடுக்கிறவன்) 240க்கு மேல் தருகிறான். மத்திய வங்கி வங்கியால்தான் அனுப்புங்கள், டொலருக்கு 10 ரூபாய் கூட்டித் தருகிறோம் என்றது. 10 ரூபாய்க்காக 30 ரூபாயை யார் விடுவது? தேசப்பற்று எல்லாம் அக்காவின் மருந்துச் செலவுக்கு முன்னால் நிற்காது. 2022 மார்ச் 7ஆம் திகதி ரூபாயைச் சந்தை விலைக்கு விட்டார்கள், மே மாதத்தில் 360. 200 என்று எழுதிவைத்த பலகையை அவ்வளவு நாள் யாருக்காகத் தூக்கிப் பிடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மட்டு_நகரான்

சித்தப்பா, பலகை பற்றிச் சொன்னதால் என் முந்திய பதிவில் நானே ஒரு திருத்தம் போட வேண்டும். இலக்கம் எல்லாம் வெளியில்தான் இருந்தது என்று எழுதினேன். முழுக்கச் சரியில்லை. 2021 நவம்பர் முடிவில் அந்நியச் செலாவணி ஒதுக்கு 1.6 பில்லியன் டொலர். டிசம்பர் முடிவில் 3.1 பில்லியன். ஒரே மாதத்தில் இரட்டிப்பு! நிவார்ட் கப்ரால் ஆளுநர். பாருங்கள், சொன்னபடி உயர்த்திவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னார்.

அந்த 1.5 பில்லியன், சீன மத்திய வங்கியோடு செய்த 10 பில்லியன் யுவான் பரிமாற்று ஒப்பந்தம். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு கையில் இருந்தால்தான் அதைத் தொடலாம் என்று நிபந்தனை. இந்த நிபந்தனையை நந்தலால் வீரசிங்க ஆளுநராக வந்த பிறகுதான் நாங்கள் கேள்விப்பட்டோம். கல்யாண வீட்டில் இரவல் நகை போட்டு நிற்பதுபோல. நகை உண்மை, பொம்பிளை போட்டிருப்பதும் உண்மை, அடகு வைக்கத்தான் முடியாது.

அந்த 3.1ஐக் காட்டித்தான் 2022 ஜனவரி 18இல் 500 மில்லியன் டொலர் முறிக் கடனைக் கட்டினார்கள். கட்டாதீர்கள், மருந்துக்கும் எண்ணெய்க்கும் வையுங்கள் என்று கத்தினவர்கள் இருந்தார்கள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டோம் என்று அறிவித்தாயிற்று. மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னார், பாவிக்கக்கூடிய டொலர் 50 மில்லியன்கூட இல்லை என்று.

சட்டம்_மூன்றாம்வருடம்

கணக்கர் அண்ணா கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. புதிய சட்டப்படி யாருக்குப் பதில் சொல்லும் என்பதைச் சொல்கிறேன். படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. நிதியமைச்சர் பரிந்துரைக்க வேண்டும், அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்க வேண்டும். பதவிக்காலம் ஆறு வருடம். எழுத்தில் அழகாக இருக்கு. ஆனால் எங்கள் நாட்டில் ஜனாதிபதியே நிதியமைச்சராகவும் இருப்பது வழக்கமாகிவிட்டது. ரணிலும் வைத்திருந்தார், அநுரவும் வைத்திருக்கிறார். தானே பரிந்துரைத்துத் தானே நியமிக்கலாம், நடுவில் பேரவை மட்டும்தான்.

பணவீக்க இலக்கு 5 சதவீதம். இரண்டு பக்கமும் 2 புள்ளி விட்டுக்கொடுப்பு. தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினால், ஏன் தவறியது என்று அமைச்சர் ஊடாகப் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். 2024இல் தவறியது. வேடிக்கை என்னவென்றால் விலை ஏறித் தவறவில்லை, இலக்குக்குக் கீழே போய்த் தவறியது. அறிக்கை போனது. அதை வைத்து எந்த எம்.பி. என்ன கேட்டார் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கா?

அப்புறம் உயர் நீதிமன்றம். பொருளாதார நெருக்கடி வழக்கில் 2023 நவம்பர் 14 தீர்ப்பு. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ச, முன்னாள் ஆளுநர்கள் கப்ரால், லக்ஷ்மன், திறைசேரிச் செயலாளராக இருந்த ஆட்டிகல என்று பலரும், நாணயச் சபையும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். நட்டஈடு இல்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு 150,000 ரூபாய். வகுப்பில் இதை வாசித்த அன்று கன்ரீனில் எங்களுக்குள் பெரிய சண்டை. வெறும் அறிவிப்பு என்று பாதிப் பேர், ஆளுநர் ஒருவரை நீதிமன்றம் பெயர் சொல்லிக் குற்றம் கண்டதே பெரிது என்று மீதிப் பேர். நான் இரண்டாவது கட்சி.

மதுரை_வடக்குமாசி

அண்டை வீட்டுக்காரன் நுழையலாமா? எங்கள் ஊரிலும் இதே கதைதான், வேஷம் வேறு. ரிசர்வ் வங்கிக்கு இலக்கு 4 சதவீதம், இரண்டு புள்ளி மேலே கீழே. தொடர்ந்து மூன்று காலாண்டு தவறினால் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். 2022இல் தவறியது, நவம்பரில் கூட்டம் போட்டுக் கடிதம் எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்பதை வெளியிட மாட்டோம் என்று சொல்லிவிட்டது அரசாங்கம். விலைவாசியில் அடிபட்டது நாங்கள், கடிதம் மட்டும் அவர்களுக்குள்.

2016 நவம்பர் 8 இன்னும் மோசம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ரிசர்வ் வங்கி இயக்குநர் குழு கூடியது. எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில். ஐநூறும் ஆயிரமும் செல்லாது. அந்தக் கூட்டத்தின் குறிப்பு 2019இல்தான் தகவல் உரிமைச் சட்டம் வழியாக வெளியே வந்தது. கறுப்புப் பணம் பெரும்பாலும் ரொக்கமாக இல்லை, நிலமாகவும் தங்கமாகவும் இருக்கிறது என்று குழுவே அதில் சொல்லியிருந்தது. சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

தேத்தண்ணி_வேளை

வாங்கோ அண்ணாச்சி. இரண்டு பேரும் சேர்ந்து அழலாம்.

சட்டம் தங்கச்சி, சம்பளக் கதைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

சட்டம்_மூன்றாம்வருடம்

சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களோடு செய்யும் ஒப்பந்தம் அது, 2024 ஜனவரியில் இருந்து. தீர்மானித்தது ஆளும் சபை, நாணயச் சபைக்குப் பதிலாகப் புதிய சட்டத்தில் வந்தது. சட்டப்படி அவர்களுக்கு அதிகாரம் உண்டு, திறைசேரியிடம் கேட்கத் தேவையில்லை. சனம் வற் 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்த மாதத்தில் அது வெளியே வந்ததால் கொதித்தது. பாராளுமன்றம் ஆளுநரைக் கூப்பிட்டது, ஹர்ஷ டி சில்வா தலைமையிலான அரசாங்க நிதி பற்றிய குழுவும் கேட்டது. மீளாய்வுக்குக் குழு போட்டார்கள்.

ரீச்சர்_அம்மா

அப்போது பாராளுமன்றத்தில் கத்தினவர்களைப் பார்த்து நானும் கைதட்டினேன். பிறகு யோசித்தேன். அதே வாய்கள்தானே 2021இல் மத்திய வங்கி என்ன செய்தாலும் மேசையில் தட்டின? சம்பளம் எல்லோருக்கும் விளங்கும். எங்கள் பாடசாலையில் சிற்றூழியரின் சம்பளத்தையும் வங்கிச் சிற்றூழியரின் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2,600 பில்லியனை எதற்குப் பக்கத்தில் வைப்பது?

மஸ்கெலியா_மகள்

நான் இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குப் பொருளாதாரம் தெரியாது. அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவங்க. ஈ.பி.எப்புக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறாங்க, தோட்டம் 12 போடணும். சில மாதம் போடுவாங்க, சில மாதம் கிடையாது, அது வேற கதை.

2023 ஜூன் கடைசியில் ஐந்து நாள் வங்கி மூடினாங்களே, ஹஜ் பெருநாள், அப்புறம் விசேட லீவு, சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி லீவு). புதன்கிழமை இரவு ஹட்டன் டவுனில் ஏ.டி.எம். வாசலில் நீட்டு வரிசை. காசை வெட்டப்போறாங்கன்னு பயம். மூடி இருந்த சனிக்கிழமை, ஜூலை 1, உள்நாட்டுக் கடனை மாத்தி எழுதுற திட்டம் பாராளுமன்றத்தில் 122க்கு 62ன்னு நிறைவேறிச்சு. வங்கி வைப்பில் கை வைக்கல. எங்க ஈ.பி.எப் வைத்திருந்த முறிகளைத்தான் மாத்தினாங்க. 2026 வரை 12 வீதம், அதுக்கப்புறம் 9.

விருப்பம் இருந்தால் மாற்றலாம்னு சொன்னாங்க. மாற்றலைன்னா வரி 14 இல்ல, 30ன்னும் சொன்னாங்க. அந்த விருப்பத்தை அம்மாவுக்காகத் தெரிவிச்சது நாணயச் சபை. அம்மாவை ஒருத்தரும் கேட்கல. அம்மாவோட தொழிற்சங்கத் தலைவரையும் கேட்கல. அரசாங்கத்துக்கு இந்தக் கடன் மாத்துற (கடன் மேம்படுத்தல்) யோசனை சொன்ன அதே வங்கி, அந்தக் கடனைக் கொடுத்தவங்க சார்பிலும் சம்மதம் சொல்லிச்சு. ஐயா லிஃப்ட் கதை சொன்னப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

பென்சன்காரர்

மகள், வங்கிகள் வைத்திருந்த முறிகளை மாற்றாமல் ஏன் விட்டார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. அவை வரியிலும் வாராக்கடனிலும் ஏற்கனவே அடிவாங்கியிருந்தன, அங்கே வெட்டினால் ஹட்டனில் நீங்கள் பார்த்த வரிசை நாடு முழுக்க நீண்டிருக்கும். அந்தக் காரணத்தை நான் ஏற்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது வேறு, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த இழையில் இதுவரை வந்ததில் சரியான கேள்வி உங்களுடையதுதான்.

மட்டு_நகரான்

ஐயாவோடு ஒத்துப்போகிறேன். நாங்கள் இவ்வளவு நேரமும் அரசியல்வாதி உள்ளேயா வெளியேயா என்று சண்டை பிடித்தோம். திறைசேரிச் செயலாளர் கதிரையை விட்டு எழும்பினார், சரி. அந்தக் கதிரையில் காசுக்குச் சொந்தக்காரன் ஒருவன் உட்காரவில்லையே. கதிரையை மடித்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

புதிய சட்டத்துக்காக ஒன்று சொல்வேன். 2024 ஒக்ரோபரில் வங்கிகளுக்குக் கொஞ்சக் காலத்துக்குக் காசு கொடுத்ததைத் திரும்ப அச்சடிக்கிறார்கள் என்று கிளப்பினார்கள். என் எக்செல் தாளை எடுத்துப் பார்த்தேன், அரச பிணையம் கூடவில்லை. அன்று நான் மத்திய வங்கிக்காக முகநூலில் வாதாடினேன். என் மனைவிக்கே ஆச்சரியம்.

கொக்குவில்_கணக்கர்

மஸ்கெலியா அக்கா எழுதினதை நேற்று இரவு அப்பாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்ப சபையில ஈ.பி.எப் காசுக்காரர் ஒருத்தரும் இல்லையோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப கூட்டத்தில என்ன கதைச்சவை எண்டாவது கேட்கலாமே?" என்றார்.

கேட்கலாமா தங்கச்சி?

சட்டம்_மூன்றாம்வருடம்

கேட்கலாம் அண்ணா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய வங்கிக்கும் தகவல் அலுவலர் இருக்கிறார். உரிய காலத்துக்கு முன் வெளியிட்டால் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான பாதிப்பு வரும் என்றால் மறுக்கலாம் என்று 5ஆம் பிரிவில் இருக்கு, அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள். ஆகவே வட்டி வீதம் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். 2023இல் முடிந்துபோன காரியத்தை மட்டும் கேட்போம். முறி மாற்றத்துக்குச் சேமலாப நிதி சார்பில் சம்மதம் கொடுத்த கூட்டத்தின் குறிப்பு. அங்கத்தவர் நலனுக்கு எது நல்லது என்று யாரிடமாவது தனியாக ஆலோசனை எடுத்தார்களா. எடுத்திருந்தால் அந்த அறிக்கையின் பிரதி. மூன்று வரி போதும். கூட்டினால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

ஸ்காபரோ_சித்தப்பா

நானும் கையெழுத்து வைக்கலாமோ?

சட்டம்_மூன்றாம்வருடம்

பிரஜைகளுக்கு மட்டும்தான் சித்தப்பா. நீங்கள் கனடாப் பிரஜாவுரிமை எடுத்த அன்றே போச்சு.

ஸ்காபரோ_சித்தப்பா

அப்ப தபால் செலவு என்னுடையது.

கொக்குவில்_கணக்கர்

அப்பாவின் பெயரில், அங்கத்தவர் இலக்கத்தோடு, தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுது, கெதியாகப் பதில் வரும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்பா சம்மதிக்கவில்லை. கையெழுத்து வைக்கும்போது கூற்றைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து இலக்கத்தைத் தானே சரிபார்த்தாராம். இன்று காலை கோட்டைத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டாராம். பற்றுச்சீட்டின் படம் வட்சப்பில் வந்தது, விலாசத்தை மறைத்து இங்கே போடுகிறேன்.

தேத்தண்ணி_வேளை

14 வேலை நாள். சனி, ஞாயிறு, போயா கழித்து எண்ணுங்கோ. இந்த இழையை மூடாதேயுங்கோ.